போன வருஷமா, திரும்பி வந்த வருஷங்களா: ஒரு சேமிப்புக் கணக்கின் நிகழ்வு ஆய்வு

28 வயதில் வேலையை விட்டுவிட்டு ஓராண்டு ஊர் சுற்றப் போனவர் ஒருவர். அவருடைய ஓய்வுக்காலச் சேமிப்பு அதன் பிறகு என்ன ஆனது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். அவருக்கு இப்போது 33 வயது. போனது சரியா தப்பா என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. "போனதுல விட்டதை இனிமே பிடிச்சுட முடியுமா?" என்றுதான் கேட்டார். விட்டது பயணத்தில்தான் என்று அவரே முடிவு கட்டியிருந்தார். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் பாதிதான் அப்படி. மீதிப் பாதியை எடுத்துக்கொண்டவை, பயணம் எல்லாம் முடிந்து ஒழுங்காக வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த நான்கு ஆண்டுகள்.

அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன். தொகைகளையும் எந்த நாட்டுக் காசிலும் சொல்லப் போவதில்லை. கைக்கு வரும் மாதச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். வாசகர் தன் சம்பளத்தை 100 ஆக்கிக்கொண்டு படித்தால் இந்தக் கணக்கு அவருக்கும் அப்படியே பொருந்தும்.

பின்னணி

23 வயதில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டாவது மாதச் சம்பளத்திலிருந்தே 20 தனியாகப் போய்விடும்படி வங்கியில் ஏற்பாடு செய்துகொண்டார். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி, அவர் கணக்கைத் திறந்து பார்ப்பதற்குள் அந்த 20 ஓய்வுக்கால நிதிக்குப் போயிருக்கும். மிச்சம் 80-இல் வாழ்ந்தார். இதில் பெரிய தியாகம் ஒன்றும் இருந்ததாக அவர் சொல்லவில்லை. கையில் வராத காசை யாரும் செலவு செய்வதில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாண்டில் சேர்ந்தது 1,300. ஓராண்டுச் சம்பளம் 1,200 என்பதால், 28-ஆவது வயதைத் தொடும்போது ஒரு வருடச் சம்பளத்துக்குச் சற்று மேலாகக் கையில் இருந்தது. அந்த வயதுக்கு இது நல்ல நிலை.

இங்கும் இனி வரும் எல்லாக் கணக்கிலும், விலைவாசி உயர்வைக் கழித்தபின் ஆண்டுக்கு 4% வருவாய் என்று வைத்திருக்கிறேன். சம்பளமும் விலைவாசியோடு சேர்ந்து மட்டுமே ஏறுகிறது, அதற்கு மேல் ஏறுவதில்லை என்றும் வைத்திருக்கிறேன். அரசு தரும் ஓய்வூதியம், முதலாளி போடும் பங்கு எதையும் சேர்க்கவில்லை. இவை எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அவற்றைக் கலந்தால் பயணத்தின் விளைவு எது, சட்டத்தின் விளைவு எது என்று பிரிக்க முடியாமல் போகும்.

அவரைச் சுற்றி இரண்டு கட்சி இருந்தது. "இப்ப போகலேன்னா எப்பவும் போக மாட்டே" என்று ஒரு கட்சி. "இந்த வயசுல போடற காசுதான் பின்னாடி மரமா நிக்கும்" என்று இன்னொரு கட்சி. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்ற பழமொழியை இரண்டு பேருமே எடுத்துவிட்டார்களாம். ஒருவருக்குக் காற்று என்பது முழங்கால் வலிக்காத வயது. மற்றவருக்குக் காற்று என்பது வட்டி வேலை செய்ய முன்னால் கிடக்கும் காலம். இரண்டுமே நியாயமான பொருள்தான் என்பதால் பழமொழி அவருக்கு உதவவில்லை.

பயமுறுத்திய வளைகோடு

போவதற்கு முன் அவரைத் தூங்கவிடாமல் செய்தது ஒரு வரைபடம். இளமையில் செலவழிக்கும் ஒவ்வொரு காசும், செலவழிக்காமல் விட்டிருந்தால் ஓய்வுக்காலத்தில் எத்தனை மடங்காகியிருக்கும் என்று காட்டும் வளைகோடு. எல்லாரும் பார்த்திருப்போம். ஆண்டுக்கு 10% என்று போட்டால், பயணம் முடியும் 29 வயதிலிருந்து ஓய்வு வயதான 60 வரையிலான 31 ஆண்டில் 19 மடங்கு. ஆக, பயணத்துக்கு 700 செலவானால் 13,000-க்கு மேல் போச்சு என்று படம் சொல்லும். கேட்டால் பகீர் என்றுதான் இருக்கும்.

அந்தப் படத்தில் விலைவாசி இருக்காது என்பதுதான் அதன் தந்திரம். விலைவாசி ஆண்டுக்கு 6% ஏறினால், இன்று 100-க்கு வாங்கும் பொருள் அதே 31 ஆண்டில் 609 ஆகிவிடும். 19 மடங்கான பணத்தை 6 மடங்கான விலையால் வகுத்தால் மூன்றுக்குக் கொஞ்சம் மேல் வரும். உண்மையில் வளர்ந்தது அவ்வளவுதான். விலைவாசி போக 4% என்ற என் கணக்கிலும் 31 ஆண்டுக்கு 3.37 மடங்கு வருகிறது. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் காலம் கிடைக்கும் என்பது பழைய குறுக்குவழி. 4%-க்கு 18 ஆண்டு. 28-க்கும் 60-க்கும் நடுவில் பணம் இரண்டு முறைகூட முழுதாக இரட்டிப்பாவதில்லை.

விலைவாசியை ஒட்டியே நகரும் வங்கி வைப்பில் மட்டும் போட்டு வைப்பவருக்கு இதுவும் கிடைக்காது. உண்மை வருவாய் 1% என்றால் 31 ஆண்டில் 1.36 மடங்குதான். சேமிக்கச் சொல்லிக் கெஞ்சும் பலர் எங்கே போடுவது என்பதைப் பேசாமலே விட்டுவிடுகிறார்கள். எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்துப் பயணத்தின் விலையே மாறிவிடுகிறது.

மூன்று மடங்கு சின்ன விஷயமில்லை. ஆனால் மூன்று மடங்கு என்பது உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்கக்கூடிய விலை. 19 மடங்கு என்பது ஆளை வாயடைக்க வைக்கும் விலை.

பயணம்

போக வேண்டிய இடங்களை அவர் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினார். "காத்திருக்கும்", "காத்திருக்காது" என்று தலைப்பு. இந்த நிகழ்வில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தத் தாள்தான். அருங்காட்சியகங்கள், பெரிய நகரங்கள், கப்பல் பயணம் எல்லாம் முதல் பத்தியில் இருந்தன. அவை 60 வயதிலும் அங்கேயேதான் இருக்கும், அப்போது அவற்றை இன்னும் நன்றாகக்கூட ரசிக்கலாம். இரண்டாம் பத்தியில் நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப் பாதை இருந்தது. அதிலுள்ள தோரோங் லா கணவாய் 5,416 மீட்டர் உயரம். வயதானவர்களும் ஏறுகிறார்கள்தான், ஆனால் எத்தனை பேரால் முடியும் என்று யோசித்துத்தான் அவர் அதை அங்கே போட்டிருந்தார். பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில் தூங்கி எழுவது, இரவு முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்து போய்விட்டுக் காலையில் நடக்கத் தொடங்குவது எல்லாம் அதே பத்தியில்.

சில வாய்ப்புகளுக்குச் சட்டமே வயது வரம்பு வைத்திருக்கிறது. ஊர் சுற்றிக்கொண்டே வேலை பார்க்க ஆஸ்திரேலியா தரும் விசாவுக்கு 18 முதல் 30 வயதுக்குள் இருக்க வேண்டும், சில நாட்டவருக்கு மட்டும் 35 வரை. இத்தகைய விஷயத்தில் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதற்கு வேண்டாம் என்றுதான் பொருள்.

உடல்நலம் பற்றிய பொதுக் கணக்கும் இரண்டாம் பத்திக்குச் சாதகமாகவே இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் 2019-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் உலக சராசரி ஆயுள் ஏறத்தாழ 73 ஆண்டு. அதில் நலமாக வாழும் காலம் 63, 64 ஆண்டு. நடுவே பத்து ஆண்டு இடைவெளி. இது பிறக்கும்போது கணக்கிடும் சராசரி என்பதால், 60-ஐ நலமாகத் தொட்டவருக்கு இதைவிட நல்ல காலம் மிச்சமிருக்கும். இருந்தாலும் ஓய்வு பெற்றபின் கிடைக்கும் எல்லா ஆண்டும் மலையேறும் ஆண்டு இல்லை என்பது தெளிவு.

திட்டம் 12 மாதத்துக்கு 600, அதாவது மாதம் 50. செலவானது 700. அந்த அதிகப்படி 100 எங்கே போனது என்று அவருடைய செலவு நோட்டைப் பார்த்தால் தெரிகிறது. முதல் ஏழு மாதத்துக்கு ஆன செலவு மொத்தமே 300. ஒரே ஊரில் வாரக்கணக்கில் தங்கியிருக்கிறார், உள்ளூர்ப் பேருந்தில் போயிருக்கிறார், பெரும்பாலும் நடந்திருக்கிறார். நோட்டின் ஓரத்தில் ஆட்களின் பெயர், வழி கேட்டு வரைந்த கோடு, ஒரு இடத்தில் மழையில் நனைந்து மை பரவிய பக்கம். கடைசி ஐந்து மாதத்துக்கு 400. நண்பர்கள் அவ்வப்போது வந்து சேர்ந்துகொண்டார்கள், மூன்று நாளுக்கு ஒரு நகரம், விமானம் மாற்றி விமானம். அந்தப் பக்கங்களில் தொகை மட்டும்தான் இருக்கிறது, ஓரம் வெறுமையாக. அந்த ஐந்து மாதத்தில் போன இடங்களில் பெரும்பாலானவை "காத்திருக்கும்" பத்தியில் இருந்தவை என்பதை நான் சுட்டிக்காட்டிய பிறகுதான் அவர் கவனித்தார்.

திரும்பி வந்தபின்

வந்த மாதமே பழைய துறையில் வேலை கிடைத்தது, ஏறத்தாழ அதே சம்பளத்தில். இது அதிர்ஷ்டம். ஆறு மாதம் வேலையில்லாமல் திண்டாடியிருந்தால், அல்லது 80 சம்பளத்துக்குச் சேர்ந்திருந்தால், கீழே வரும் எண்கள் எல்லாமே மோசமாகும். வேலையை விட்டுவிட்டுப் போகும் யாரும் இதைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய வங்கிக் கணக்கு விவரத்தை இருவரும் சேர்ந்து பார்த்தோம். மாதத்துக்கு ஒரு வரி, "5-ஆம் தேதி, 20". பயணத்துக்கு முந்தைய மாதத்தோடு அந்த வரி நின்றுவிட்டது. நிற்க வேண்டியதுதான், சம்பளமே இல்லாதபோது எதிலிருந்து போகும்? ஆனால் திரும்பி வந்து சம்பளம் வரத் தொடங்கிய பிறகும் அந்த வரி வரவில்லை. பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனோம். நான்கு ஆண்டுகளுக்கு ஒரு வரிகூட இல்லை.

என்ன நடந்தது என்பது அவருக்கு நன்றாகவே நினைவிருந்தது. கிளம்பும் முன் செயலியில் அந்த ஏற்பாட்டை ரத்து செய்யப் போனபோது இரண்டு பொத்தான்கள் இருந்தன: நிறுத்து, தற்காலிகமாக நிறுத்து. இரண்டாவதை அழுத்தினால் எந்தத் தேதியில் மறுபடி தொடங்க வேண்டும் என்று கேட்கும். தேதி அவருக்குத் தெரியாது, அதனால் முதலாவதை அழுத்தினார். திரும்பி வந்ததும் வாடகை வீட்டுக்கு முன்பணம், சில தட்டுமுட்டுச் சாமான், மடிக்கணினி. முதல் நான்கைந்து மாதம் உண்மையாகவே கையைக் கடித்தது. அதன் பிறகு கடிக்கவில்லை. ஆனால் அதற்குள் 100-ம் செலவாகும் வாழ்க்கை பழகிவிட்டது. கொஞ்சம் பெரிய வீடு, வார இறுதிப் பயணங்கள், மாதச் சந்தா கட்டும் ஏதேதோ. "அடுத்த மாசத்துலேருந்து போட்டுடலாம்னு ஒவ்வொரு மாசமும் நெனைச்சேன், பொய் சொல்லலே" என்றார். நம்புகிறேன்.

எண்கள்

23 முதல் 60 வரை இடைவிடாமல் மாதம் 20 போட்டிருந்தால் 60-இல் சேர்வது ஏறத்தாழ 19,600.

பயணம் போய், வந்த மறுமாதமே மறுபடி 20 போடத் தொடங்கியிருந்தால் 16,400. குறைவது 3,170. இதில் செலவழித்த 700-இன் பங்கு 2,360. அந்த ஓராண்டு போடாமல் விட்ட 240-இன் பங்கு 810.

பயணமும் போய், வந்தபின் நான்கு ஆண்டு போடாமல் விட்டு, 33-இல் மறுபடி 20-இல் தொடங்கினால் 13,500. அந்த நான்கு ஆண்டால் மட்டும் குறைவது 2,940.

3,170-க்கும் 2,940-க்கும் வித்தியாசம் அதிகமில்லை. ஒன்றுக்கு ஈடாக மலை, கடல், ஏழு மாத நோட்டுப் பக்கங்கள் கிடைத்தன. மற்றதற்கு ஈடாக என்ன கிடைத்தது என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, வீட்டில் ஒரு அறை கூடுதலாக இருந்ததைச் சொன்னார்.

இதையே எந்த வயதில் ஓய்வு பெறலாம் என்று மாற்றிப் பார்த்தால் இன்னும் உறைக்கும். ஓய்வுக்கு எவ்வளவு வேண்டும் என்பதற்குப் பலர் பயன்படுத்தும் அளவுகோல், ஆண்டுச் செலவைப்போல 25 மடங்கு. இது அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வருவது. முதல் ஆண்டு சேமிப்பில் 4% எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதை உயர்த்திக்கொண்டே போனால், 1926 முதலான அமெரிக்கச் சந்தை வரலாற்றில் பணம் குறைந்தது 30 ஆண்டு தாங்கியது என்று அவர் காட்டினார். ஒரு நாட்டின் கடந்தகாலத்தை வைத்துப் போட்ட விதி என்பதை மறக்கக் கூடாது. ஆனால் மூன்று நிலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட இது போதும்.

மாதம் 20 போட்டால் இவருடைய செலவு மாதம் 80, ஆண்டுக்கு 960. அதன் 25 மடங்கு 24,000. பயணமே போகாமல் மாதம் 20 போட்டிருந்தால் அதைத் தொடும் வயது 64. பயணம் போய்வந்து உடனே தொடங்கியிருந்தால் 67 தாண்டி. நான்கு ஆண்டு விட்டுத் தொடங்கினால் 71.

முதல் எண்ணைக் கவனியுங்கள். எங்கேயும் போகாமல் கட்டுச்செட்டாக இருந்திருந்தாலும் 60-இல் ஓய்வு பெற்றிருக்க முடியாது. மாதம் 20% என்பது இந்த வருவாய்க்கு அவ்வளவுதான் தரும். பயணம் இந்த உண்மைக்கு ஒரு மறைப்பாக இருந்துவிட்டது. 60-ஐத் தொட முடியாமல் போனதற்குக் காரணம் ஊர் சுற்றியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

போகாதவரின் கணக்கு

இந்த விவாதத்தில் எப்போதும் ஒரு கற்பனை மனிதர் வருவார். பயணம் போகாதவர், போகாததால் மிச்சமான காசை அப்படியே ஓய்வுக்காலத்துக்குப் போட்டு வைப்பவர். அப்படி ஒருவரை நேரில் பார்ப்பது அபூர்வம். இவரோடு ஒரே சமயத்தில் ஒரே சம்பளத்தில் சேர்ந்த சக ஊழியர் ஒருவர் இருக்கிறார். ஊர் சுற்றுவதில் ஆர்வம் இல்லை. 28 வயதில் தவணையில் கார் வாங்கினார். ஓய்வுக்கு மாதம் 8, தொடக்கம் முதல் இன்றுவரை தவறாமல். 33 வயதில் அவரிடம் இருப்பது 1,150.

நம்மவரிடம் இருப்பது 763.

பார்த்தவுடன் பயணம் தோற்றுவிட்டது என்று தோன்றும். ஆனால் திரும்பி வந்த மாதமே பழையபடி 20 போடத் தொடங்கியிருந்தால் இன்று இவரிடம் 1,780 இருந்திருக்கும். ஓராண்டு வேலையே செய்யாமல், 700-ஐ வாரி இறைத்த பிறகும், போகாதவரைவிட 600-க்கு மேல் கூடுதலாக இருந்திருக்கும். இந்த இரண்டு பேரில் யார் முன்னால் நிற்கிறார் என்பதைத் தீர்மானித்தது விமானச் சீட்டு இல்லை. 5-ஆம் தேதி வரி மறுபடி எந்த மாதம் தொடங்கியது என்பதுதான்.

கார் வாங்கியதைக் குறை சொல்ல வரவில்லை. யாரும் அவரிடம் போய் "கூட்டுவட்டியை யோசிச்சியா" என்று கேட்டிருக்க மாட்டார்கள், அதைத்தான் சொல்ல வருகிறேன். தவணைப் பொருளை நிதானமான செலவாகவும் பயணத்தை ஊதாரித்தனமாகவும் பார்க்கும் பழக்கம் ஆழமாக இருக்கிறது.

ஏன் மறுபடி தொடங்கவில்லை

பொருளாதாரப் பாடநூல் இவரைத் திட்டாது. பிராங்கோ மோடிகிலியானியும் ரிச்சர்ட் பிரம்பெர்க்கும் 1954-இல் முன்வைத்த வாழ்க்கைச் சுழற்சிக் கோட்பாட்டின்படி, மனிதர்கள் வாழ்நாள் முழுவதும் ஒரே சீராகச் செலவழிக்கப் பார்க்கிறார்கள். வருமானம் குறைவாக உள்ள இளமையில் குறைவாகச் சேமிப்பதும், ஏன், கடன் வாங்குவதும்கூட அதில் நியாயமே. நடு வயதில் அதிகமாகச் சேர்த்து முதுமையில் கரைக்கலாம். மோடிகிலியானிக்கு 1985-இல் நோபல் பரிசு கிடைத்ததில் இந்தக் கோட்பாட்டுக்குப் பங்கு உண்டு. என் கணக்கில் சம்பளம் விலைவாசிக்கு மேல் ஏறுவதே இல்லை. நிஜத்தில் ஏறுபவருக்கு 28 வயதின் 700 இன்னும் சின்னதாகத்தான் தெரியும். பயணம் போனவருக்குச் சாதகமான வலுவான வாதம் இது.

ஆனால் அந்தக் கோட்பாட்டு மனிதர் நடு வயது வந்ததும் தானாகச் சேமிக்கத் தொடங்கிவிடுவார். நிஜ மனிதர் தொடங்குவதில்லை. இன்றைய 10-ஐ நாளைய 12-ஐவிடப் பெரிதாகப் பார்ப்பதும், அடுத்த ஆண்டு எடுக்க வேண்டிய முடிவில் மட்டும் பொறுமைசாலியாக இருப்பதும் மனித இயல்பு. பொருளாதார அறிஞர் டேவிட் லெய்ப்சன் 1997-இல் இதைச் சேமிப்போடு இணைத்துக் கணித வடிவில் எழுதினார். "அடுத்த மாசத்துலேருந்து" என்பது இதன் பேச்சு வழக்கு வடிவம்.

இதற்கு மருந்து மன உறுதி இல்லை என்பதற்கும் நல்ல சான்று இருக்கிறது. பொருளாதார ஆய்வாளர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004-இல் ஒரு திட்டத்தின் முடிவுகளை வெளியிட்டார்கள். ஊழியர்கள் இன்றே எதையும் கூட்ட வேண்டாம், அடுத்தடுத்த சம்பள உயர்வுகள் வரும்போது சேமிப்பு விகிதம் தானாகக் கூடட்டும் என்று இப்போதே ஒப்புக்கொண்டால் போதும். முதலில் நடைமுறைப்படுத்திய நிறுவனத்தில், இதில் சேர்ந்தவர்களின் சராசரிச் சேமிப்பு 40 மாதத்தில் 3.5%-இலிருந்து 13.6% ஆனது. அந்த ஊழியர்களின் குணம் மாறவில்லை, ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தால் என்ன நடக்கும் என்பதுதான் மாறியது. நம்மவருக்கும் அப்படியே. பயணத்துக்கு முன் சும்மா இருந்தால் 20 போனது. பயணத்துக்குப் பின் சும்மா இருந்தால் ஒன்றும் போகவில்லை. இரண்டு காலத்திலும் சும்மா இருந்தவர் ஒரே ஆள்தான்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், விடுமுறைக்குப் போக இருப்பவர்கள் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். போய்வந்த பிறகோ, மிகவும் ஓய்வாக இருந்ததாகச் சொன்னவர்களைத் தவிர மற்றவர்களுக்கும் போகாதவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஓராண்டு சுற்றியவருக்கும் திரும்பி வந்த பிறகான வெறுமை இருந்திருக்கிறது. வார இறுதிப் பயணங்களில் பாதி, அந்த ஓராண்டை இழுத்துப் பிடித்து வைக்கும் முயற்சியாகத்தான் எனக்குத் தெரிகிறது.

அந்த 3,170 தகுமா

இதற்கு அவருடைய பதில் ஒரு நொடியும் யோசிக்காத "தகும்". என் பதில்: முதல் ஏழு மாதம் தகும், கடைசி ஐந்து மாதம் தகாது.

இளமை அனுபவத்துக்குத் தனி மதிப்பு உண்டு என்பதை ஏற்கிறேன். வயதானவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால் 10 முதல் 30 வயதுக்கு இடைப்பட்டவை அளவுக்கு மீறி வருகின்றன. உளவியலாளர் டேவிட் ரூபினும் சக ஆய்வாளர்களும் 1986-இலேயே இதைத் தொகுத்துக் காட்டினார்கள். 27-இல் ஏறிய மலையை 70-இல் நினைத்துப் பார்க்க 43 ஆண்டு கிடைக்கிறது, 67-இல் ஏறினால் மூன்று ஆண்டு. அதே போல, குறுகிய காலத்தில் மனிதர்கள் செய்ததை நினைத்து வருந்துகிறார்கள், நீண்ட காலத்தில் செய்யாமல் விட்டதை நினைத்து வருந்துகிறார்கள் என்று உளவியல் ஆய்வாளர்கள் தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் 1990-களில் காட்டியிருக்கிறார்கள்.

இந்த இரண்டாவது முடிவைப் பயணக் கட்சி கண்டபடி பயன்படுத்துகிறது. சேமிக்காமல் விட்டதும் செய்யாமல் விட்டதுதானே! "இளமையில் போயிருக்கலாமே" என்று முதுமையில் வருந்துபவர்களின் பேட்டிகள் நிறைய வருகின்றன. மருந்துக்கும் வாடகைக்கும் பிள்ளைகளின் கையை எதிர்பார்த்து நிற்பவரை யாரும் பேட்டி எடுப்பதில்லை, எடுத்தாலும் அவர் அதை வெளியே சொல்வது கஷ்டம்.

ஏற்பாடு

71 என்ற எண்ணைக் கேட்டு அவர் ஆடிப்போனது உண்மை. ஆனால் அது மாதம் 20 என்று வைத்து வந்த எண். இப்போது அவர் 100-இல் வாழ்கிறார். பழைய 80-க்கு இறங்க முடியுமா என்று கேட்டபோது, தயங்காமல் முடியும் என்றார், ஏற்கெனவே ஐந்தாண்டு வாழ்ந்து பார்த்ததுதான். அதற்குக் கீழே? வீட்டை மாற்றினால் 74 வரை இறங்கலாம் என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். மாதம் 26 போட்டால் இரண்டு பக்கமும் வேலை நடக்கிறது: சேர்வது கூடுகிறது, 74-இல் வாழப் பழகியவருக்கு ஓய்வில் தேவைப்படுவதும் குறைகிறது. 25 மடங்கு என்பது 24,000-இலிருந்து 22,200 ஆகிறது. அதைத் தொடும் வயது 65. பயணமும் நான்கு ஆண்டு இடைவெளியும் சேர்ந்த பிறகும், எங்கேயும் போகாமல் 20 போட்டிருந்தால் வந்திருக்கும் 64-க்கு ஓராண்டுதான் வித்தியாசம். மாதம் 74-இல் வாழ்வது சுலபம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு இது பதில்.

5-ஆம் தேதி ஏற்பாட்டை அன்றே, நான் பக்கத்தில் இருக்கும்போதே செயலியில் போட்டார். போடும் தொகையை ஏற்றும் வசதியும் அதில் இருந்தது. சம்பளம் விலைவாசிக்கு மேல் ஏறினால் ஏறியதில் பாதி இதற்கு.

அப்புறம், நான் எதிர்பார்த்தபடியே, அவர் இன்னொரு கேள்வி கேட்டார்: "மறுபடி ஒரு தடவை போகணும்னா?" 40 வயதில் சம்பளமில்லாத விடுப்பில் மூன்று மாதம் என்று வைத்துப் பார்த்தோம். செலவு 200. இப்போதிலிருந்தே செலவுக்கான 74-இலிருந்து மாதம் 2.4 தனிக் கணக்கில் போட்டு வந்தால் ஏழு ஆண்டில் அது சேர்ந்துவிடும், ஓய்வுக்கால நிதியைத் தொடவே வேண்டாம். குறைவது அந்த மூன்று மாதம் போட முடியாத 78 மட்டும். 65 வயதில் அது 208-க்குச் சமம். அப்போது நிதியின் வருவாயும் போடும் 26-ம் சேர்ந்து மாதம் ஏறத்தாழ 100 கூடும் என்பதால், இரண்டு மாதமும் சில நாட்களும் கூடுதலாக வேலை பார்த்தால் ஈடாகிவிடும். இந்த முறை தற்காலிக நிறுத்தம்தான், திரும்பும் தேதியோடு. பழைய தாளில் "காத்திருக்காது" பத்தியில் இன்னும் நான்கு இடம் மிச்சமிருக்கிறது. எது முதலில் என்பதில் மட்டும் அவருக்கு இன்னும் குழப்பம்.